சாமி பேசிய தெலுங்கு

எனக்கு எத்தனை பாஷை தெரியும் என்று யாராவது மெச்சிக் கேட்டால் எரிச்சல்தான் வரும். பாஷை தெரிந்து நான் என்னத்தைக் கிழித்தேன்? ஒரு குடும்பத்தைப் பிரித்தேன். இல்லை, ஒரு அநியாயத்தைத் தடுத்தேனோ? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எழுபதுகளின் நடுவில், மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய எங்கள் தெருவில் தெலுங்கு பேசுகிற வீடு எங்களுடையது ஒன்றுதான். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். பக்கத்து வீட்டு லாரிக்காரர் பிள்ளைகளோடு விளையாடும்போது உருது. பள்ளிக்கூடத்தில் ஏ ஃபார் ஆப்பிள் வேறு. அந்த ஆப்பிளைக் கண்ணால் பார்க்க எனக்கு இன்னும் பல வருஷம் ஆயிற்று. இதெல்லாம் ஒரு வித்தை என்று அப்போது தோன்றவே இல்லை. சட்டை மாற்றுவது மாதிரிதான்.

என் சித்தப்பா, பக்கத்து ஊரான பிரம்மதேசத்திலிருந்து எங்கள் பாத்திக்கு உப்பு வார வந்த ஒரு பெண்ணைப் பிடித்துப்போய், யாரையும் கேட்காமல் தாலி கட்டிக் கூட்டி வந்துவிட்டார். தமிழ்ப் பெண். தெலுங்கில் ஒரு வார்த்தை வராது. என் அம்மாவுக்கும், புருஷனை இழந்து எங்களோடு இருந்த அத்தைக்கும் அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? அவளை எதிரே உட்கார வைத்துக்கொண்டே அவளைப் பற்றிப் பேசுவார்கள். குழம்பு கழனித்தண்ணி மாதிரி இருக்கிறது என்பார்கள். நடையைப் பார், மகாராணி என்று நினைப்பு என்பார்கள். மூன்று வருஷமாகியும் வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை என்பார்கள்.

சித்தி அப்புறமாக என்னைத் தனியாகப் பிடித்துக் கேட்பாள்.

"ஏய், இன்னாடி சொல்லிக்கிறாங்க என்னைப் பத்தி?"

"கொழம்பு ஜோரா இருக்குதாம் சித்தி."

"அப்படியா? இன்னும்?"

"நீ வந்ததுலேருந்து வூட்டுக்கே ஒரு களை வந்துடுச்சாம்."

சிரித்துக்கொண்டே எனக்குத் தலை பின்னிவிடுவாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்; அவள் சிரித்தால் போதும், நான் இன்னும் இரண்டு புளுகுவேன். அது பொய் என்ற நினைப்பே எனக்கு இல்லை. ஒரு பாஷையிலிருந்து இன்னொரு பாஷைக்குப் போகும்போது பேச்சு கொஞ்சம் மாறும், அவ்வளவுதான் என்று இருந்தேன்.

எனக்குப் பத்து வயதான ஆடி மாதம், பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அத்தைக்குத் தெரிந்த தெலுங்கு வீட்டில் ஒரு பெண் இருந்தாள். அவளைச் சித்தப்பாவுக்கு இரண்டாந்தாரமாகக் கட்டி வைத்துவிடலாம், ஆவணியிலேயே முடித்துவிடலாம் என்றார்கள். அப்பா சரி என்றார். சித்தப்பா வாயில் கொழுக்கட்டை. சித்தி அங்கேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அன்றைக்கும் கேட்டாள்.

"உனக்குப் புதுப் பொடவை எடுக்கப் போறாங்களாம் சித்தி."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இன்னா கலருடி?"

"பச்சை."

"பச்சையா? நல்லா இருக்கும்" என்று கீரைக்காம்புகளை அள்ளிக்கொண்டு போனாள்.

அந்த வாரம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். பம்பையும் உடுக்கையும் காதைப் பிளந்தன. வழக்கமாக மீன் விற்கிற ஒரு அம்மாளுக்குத்தான் சாமி வரும். அந்த வருஷம் திடீரென்று எங்கள் சித்திக்கு வந்தது. கொண்டை அவிழ்ந்து, கண் செருகி, தலையை ஆட்டிக்கொண்டு நின்றவள் பேச ஆரம்பித்தாள். பேசினது தெலுங்கு! எங்கள் வீட்டுத் தெலுங்கு, ஒரு தடங்கல் இல்லாமல்.

"என் எதிரிலேயே உட்கார்ந்து பேசினீர்களே, எல்லாம் எனக்குக் கேட்டது. குழம்பைப் பழித்ததிலிருந்தே கேட்டது. இன்னொருத்தி அந்த வீட்டில் கால் வைத்தால் நான் இருக்க மாட்டேன். அந்த வீடும் இருக்காது."

பூசாரி திகைத்துப்போனார். "இன்னா பாஷைபா பேசுது அம்மா?"

"தெலுங்குங்க! மகமாயி தெலுங்குல பேசுறா!" என்று யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

எல்லோரும் எங்கள் வீட்டாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை முகத்தில் ஈயாடவில்லை. "இது ஏதோ ரொம்பப் பழைய தெலுங்குங்க, எங்களுக்கே வெளங்கல" என்றாள். அடிப்பாவி!

பூசாரி என் பக்கம் திரும்பினார். "கொழந்தைப் பொண்ணு பொய் சொல்லாது. நீ சொல்லு பாப்பா, அம்மா இன்னா கேக்குறா?"

பெற்ற அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "கோடி அடிகிந்தனி செப்பு" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. சாமி சேவல் காவு கேட்கிறது என்று சொல்ல வேண்டுமாம்.

பேசுவது சித்தியா, சாமியா? சித்தி என்றால் அவளுக்குத் தெலுங்கு எப்படி வந்தது? சாமி என்றால், பொய் சொன்னால் கண்ணைக் குத்துமே! மூன்று வருஷமாகச் சொன்ன புளுகெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இனி ஒரு பொய்யும் கூடாது என்று முடிவு செய்தேன். சித்தியின் கண் என் மேலேயே இருந்தது, தலை ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொல்லிவிட்டேன்.

கூட்டம் 'ஐயோ பாவமே' என்றது. பூசாரி அப்பாவைப் பார்த்துக் கத்தினார். "இன்னாபா, வாக்கு கேட்டியா? இன்னொருத்தியக் கூட்டியாந்தா ஊரு தாங்காது, சொல்லிட்டேன்!" அப்பா அங்கேயே விழுந்து கும்பிட்டு, சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். வீட்டில் அம்மா என் மண்டையில் கொட்டின கொட்டு வலித்தாலும், எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. சித்தியைக் காப்பாற்றிவிட்டேனே!

இரண்டாம் நாள் காலையில் பிரம்மதேசத்திலிருந்து சித்தியின் அண்ணன் வந்து நின்றார். வழக்கமாக வேர்க்கடலை மூட்டையோடு வருகிறவர் அன்றைக்கு வெறுங்கையோடு வந்தார்.

"ராணி மாதிரி வெச்சிருக்காங்கன்னு சொன்னியே, இதுதான் லட்சணமா? புள்ள இல்லன்னு சக்களத்தி கொண்டாறப் பாக்குறாங்களாமே! டீக்கடையில கண்டவன் எல்லாம் என்னைக் கேக்குறான். எடுடி துணிய!"

"அண்ணா, அதான் இனிமே ஒண்ணும் இல்லியே, வுட்டுடு" என்று சித்தி அவர் காலைப் பிடித்துக் கெஞ்சினாள். அவர் கேட்கவில்லை. சித்தப்பா வாசலில் நின்று, "இருக்கட்டுமே மச்சான்" என்று முனகினார். அந்த முனகலுக்கு யார் நிற்பார்கள்?

சித்தி அதற்கப்புறம் திரும்பி வரவே இல்லை. ஊருக்குப் பயந்து சித்தப்பாவுக்கு வேறு கல்யாணமும் யாரும் செய்து வைக்கவில்லை. கடைசிவரை தனிக்கட்டையாகவே இருந்து போய்ச் சேர்ந்தார்.

அன்றைக்கு அவள் பையைத் தூக்கிக்கொண்டு நான்தான் திண்டிவனம் பஸ் நிற்கிற இடம் வரை கூடவே போனேன். அண்ணன் பஸ் வருகிறதா என்று பார்க்கத் தள்ளிப் போயிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நான் நெஜத்தைத்தானே சித்தி சொன்னேன்?"

"ஊரு கேக்கணும்னா நான் தமிழ்லயே சொல்லியிருக்க மாட்டேனா?" என்றாள் சித்தி. குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "உங்கம்மா, அத்தை ரெண்டு பேரும் பயந்தா போதும்னுதான்டி இருந்தேன். உங்கம்மா சேவல்னு சொல்லச் சொன்னாங்களே, அதைச் சொல்லியிருக்கக் கூடாதா? எங்கிட்ட எத்தினி நாளு எவ்ளோ அழகாச் சொன்னே."