பூஜ்யத்துக்கு இறங்காத முள்

சுலைமான் பாயின் வேலை போனதற்கு நான்தான் காரணம். இத்தனை வருடங்களாக இதை யாரிடமும் சொன்னதில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் செம்பூரில் ஓர் ஆய்வகத்தில் நான் உதவியாளன். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை அளக்கும் எலெக்ட்ரோடுகளைப் பாய்தான் செய்வார். தாராவியில் குடியிருந்த திருநெல்வேலிக்காரர். தலைமுடி போன்ற பிளாட்டினக் கம்பியைத் தீயில் இளகிய கண்ணாடிக்குள் வைத்து மூடும்போது மூச்சுகூட விடமாட்டார்.

என்ன அழகான நாள்கள் அவை! மாட்டுங்காவிலிருந்து நான் கொண்டுபோகும் தயிர்சாதத்துக்கென்றே அவர் வீட்டிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் வரும். "தனிச் சட்டியில போட்டது தம்பி, பயப்படாதிய!" என்று சீண்டுவார். அந்த ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

எலெக்ட்ரோடு செய்வது அவர் வேலை. காலையில் அதன் அளவைச் சரிபார்ப்பது என் வேலை. முதலில் காற்றூட்டிய தண்ணீரில் முக்கி ஓர் அளவு. பிறகு சோடியம் சல்பைட் கரைசலில். அந்த உப்பு தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜனை முழுக்கத் தின்றுவிடும். மீட்டரின் முள் பூஜ்யத்துக்கு இறங்கியாக வேண்டும். காற்றுப் பட்டால் கரைசலின் வீரியம் போய்விடும் என்பதால், அதைத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும் என்பது விதி.

ஒரு மழைக்கால வாரத்தில், திங்கட்கிழமை கலந்ததையே வெள்ளிவரை வைத்துக்கொண்டேன்... திறந்த பீக்கரில்! ஏன் தெரியுமா? வெறும் சோம்பல். கரைசல் கலக்க அரை மணி முன்னதாக ரயில் பிடிக்க வேண்டும். மாட்டுங்கா ஹோட்டலின் இரண்டாவது காபியை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஆய்வகத் தலைவர் பக்கத்தில் நின்றார். முள் பூஜ்யத்துக்கு இறங்கவில்லை. வேறோர் எலெக்ட்ரோடு... அதுவும் இறங்கவில்லை. கண்ணாடி கம்பியோடு சரியாக ஒட்டாமல் கசிந்தாலும் முள் இப்படித்தான் நிற்கும்.

"சீல் கராப் ஹை!" என்றார் தலைவர், கண்ணாடி ஒட்டியது சரியில்லை என்று.

பாய் அந்த எலெக்ட்ரோடை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங் கைதான் தப்பிட்டு போல, தம்பி."

நான் பீக்கரைப் பார்த்தேன். வாய் திறந்தேனா? இல்லை!

மறுநாளோடு அவரை நிறுத்திவிட்டார்கள். திங்கட்கிழமை புதிய கரைசல் கலந்து, அவர் செய்த அதே எலெக்ட்ரோடுகளை முக்கினேன். ஒவ்வொன்றும் பூஜ்யம்! தலைவரின் அறைக் கதவுவரை போனேன்... என் வேலை போய்விடுமே! உள்ளே போய், கசிவை நானே மெழுகு பூசி அடைத்துவிட்டதாகச் சொன்னேன். அவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மறுவருடம் தாராவியில் பாயைப் பார்த்தேன். தோல் கிடங்கில் சுமை தூக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, உட்காரவைத்து டீ வாங்கித் தந்தார்.

"நீங்க எல்லாத்தையும் சரிபண்ணிட்டியளாமே! சொன்னாவ. நான் எங்க தப்புவிட்டேன் தம்பி? அதத்தான் யோசிச்சுக்கிட்டே கெடக்கேன்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்!

"கொஞ்சம் சூடு அதிகமாயிடுத்து, பாய்" என்றேன்.

அவர் மெல்லத் தலையாட்டினார். "நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார். பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.