லோஞ்சுக்குப் போனவன்

நான் குடியேறிய நாட்டில் காத்திருப்பதற்கும் ஒரு சங்கம் உண்டு. வருஷச் சந்தா கட்டிச் சேரவேண்டும். சேர்ந்தால் ஓர் அட்டை தருவார்கள். விமான நிலையத்தில் மற்றச் சனம் பிளாஸ்டிக் கதிரைகளில் பைகளைக் கட்டிப்பிடித்தபடி இருக்க, அட்டைக்காரர் மட்டும் ஒரு கண்ணாடிக் கதவுக்குள்ளே போய், தோல் கதிரையில் சாய்ந்து, சூடான துவாயால் முகம் துடைத்துக்கொண்டு காத்திருக்கலாம். காத்திருப்பது என்னவோ அதே விமானத்துக்குத்தான். திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஆளான எனக்கு இது முதலில் பெரிய பகிடியாக இருந்தது. இறங்குதுறையில் காத்திருந்தோம், ஆமியிடம் பாஸ் எடுக்கக் காத்திருந்தோம், சோதனைச் சாவடியில் வெயிலில் காத்திருந்தோம். ஒருவரும் எங்களிடம் சந்தா கேட்கவில்லை.

ஆனாலும் நான் அந்தச் சங்கத்தில் சேர்ந்தேன். ஏன் சேர்ந்தேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மெல்பேண் விமான நிலையத்தில் அந்தச் சங்கத்து அறையின் கம்பளத்துத் தூசியை இரண்டு வருஷம் மெசினால் இழுத்தவன் நான். வாளியோடு போன அதே கதவால் அட்டையோடு போகவேண்டும் என்று அப்போதே மனதில் வைத்திருந்தேன், போனேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்றைக்கு என்னுடைய துப்புரவுக் கொம்பனியில் இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள், அதில் இரண்டு பேர் பட்டதாரிகள். கடிதமென்றால் அவர்களைக் கொண்டு எழுதுவிப்பேன். இதை மட்டும் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

அந்த அட்டையில் இன்னொரு வசதியும் இருந்தது. எங்கள் விமானக் கொம்பனியின் ஆளை வேறொரு நாட்டு விமானக் கொம்பனி தன் அறைக்குள் விடும், அவர்களுடைய ஆளை எங்கள் கொம்பனி விடும். முகம் பார்த்திராத இரண்டு கொம்பனிகள், ஒரு தாளில் கையெழுத்து வைத்துவிட்டு, உன் ஆள் என் ஆள் என்று சொல்லிக்கொள்கின்றன. அதோடு, அட்டைக்காரர் தன்னோடு ஒருவரைக் கூட்டிக்கொண்டும் போகலாம். இதை எனக்கு வாசித்துச் சொன்ன நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது பூரணம் அக்கா. எங்களுக்குள் அப்போது ஐந்து வருஷமாகக் கதை இல்லை.

அக்காவின் ஒரே மகள் சுகந்தி லண்டனில் இருக்கிறாள். ஊரில் சண்டை ஓய்வதாகத் தெரியாததால், தாயை நிரந்தரமாகத் தன்னிடம் கூப்பிட்டுக்கொண்டாள். அவள்தான் எனக்குப் போன் எடுத்தாள்.

"மாமா, அம்மா டுபாயிலை அஞ்சு மணித்தியாலம் நிக்கவேணும். இங்கிலீசும் தெரியாது, அரபும் தெரியாது. நீங்கள் எப்பிடியும் ஜெர்மனிக் கலியாணத்துக்குப் போறீங்கள்தானே. அந்த நாளைப் பார்த்து வெளிக்கிடுங்கோவன்."

"பார்ப்பம்" என்றேன் பெரிய மனுசத் தோரணையில். போனை வைத்த கையோடு டிக்கெட்டை மாற்றினேன். அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. லண்டன் போனால் நோகிற முழங்காலோடு இன்னொரு முறை விமானம் ஏறமாட்டார். எனக்கும் இரண்டு முறை நெஞ்சைத் திறந்து மூடியாயிற்று. டுபாயில் கதைக்காவிட்டால் பிறகு ஒருவர் செத்த செய்தியை மற்றவர் கேட்பதுதான் மிச்சம்.

ஐந்து வருஷத்துக்குப் பிறகு அக்காவோடு பேசிய முதல் போன் கதை இது. "அக்கா, டுபாயிலை லோஞ்சிலை இருந்து ஆறுதலாக் கதைப்பம்" என்றேன். அந்தச் சங்கத்து அறைக்கு லவுஞ்ச் என்று பெயர், அது என் வாய்க்கு வராது.

"லோஞ்சோ? ஏரோப்பிளேனிலை எல்லோ வாறன். பேந்து ஏன் என்னை லோஞ்சிலை ஏத்திறாய்? எனக்குக் கடல் காத்துப் பட்டாலே வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும் எண்டு உனக்குத் தெரியாதே?"

"இது கடல் லோஞ்ச் இல்லை அக்கா. சும்மா இருக்கிற அறை."

"சும்மா இருக்க ஒரு அறையோ? சரி சரி. புட்டுக் கட்டிக்கொண்டு வரட்டே?"

திருகோணமலைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு லோஞ்ச் என்றால் ஒன்றுதான். பட்டினத்து இறங்குதுறையிலிருந்து கொட்டியார்க் குடாவைத் தாண்டி மூதூருக்குப் போய் வருகிற மோட்டார்ப் படகு. கட்டைபறிச்சானில் பிறந்த நான் பன்னிரண்டு வயதில் அதில் கயிறு எறிகிற வேலைக்குச் சேர்ந்தேன். கரை கிட்ட வரும்போது வடத்தை எறிந்து கட்டையில் மாட்டவேண்டும். என்னைப் போல ஒரே எறியில் மாட்டினவன் அந்தத் துறையில் இல்லை. சுக்கான் பிடித்த மூதூர்க் காக்கா, முஸ்லிம் அண்ணரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், வேண்டுமென்றே, "எறிடா தம்பி, கரை ஓடிரப் போவுது!" என்று கத்துவார், சனம் சிரிக்கும். நெல் மூட்டையும் தயிர்ச் சட்டியும் கோழிக் கூடையும் மாப்பிள்ளை பார்க்கப் போகிற குடும்பமுமாக ஏறுவார்கள். விடியப்புறம் மலைக்குப் பின்னால் வெளிச்சம் வர, குடா முழுக்க ஈயம் உருக்கி ஊற்றியது போலக் கிடக்கும். எஞ்சின் புகையும் ஈரக் கயிறும் சேர்ந்த அந்த மணம் இன்னும் என் மூக்குக்குள் இருக்கிறது. மெல்பேணில் மழை பெய்து ஓய்ந்தபின் லொறி ஒன்று புகை கக்கினால், கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு அப்படியே நிற்பேன். பட்டதாரிப் பிள்ளைகள் முதலாளிக்கு என்னவோ என்று பார்ப்பார்கள்.

இனி அந்த ஐந்து வருஷக் கோபத்தைச் சொல்லவேண்டும். வெளிநாடு வந்து கொஞ்சம் நிமிர்ந்ததும், உட்துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு காணி வாங்கி, மூன்று அறையும் குசினியும் வைத்து வீடு கட்டினேன். கட்டைபறிச்சானில் இருக்க ஏலாத நிலை வந்ததும் அக்காவை அதில் இருத்தினேன். வெளிநாடு வந்து பதினொரு வருஷம் கழித்துத்தான் முதல்முறை ஊருக்குப் போனேன். அந்த வீட்டை நான் அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன். போய் இறங்கி ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு அக்கா குடையை எடுத்தார்.

"எங்கை வெளிக்கிடுறியள்?"

"பொலிசுக்கு. உன்னைப் பதியவேணும்."

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் வீட்டில் இருக்கிற எல்லாருடைய பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பொலிஸில் பதியவேண்டும். ஒரு பிரதியை வீட்டில் வைத்திருக்கவேண்டும். தேடுதலுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் தலை எண்ணுவார்கள். அக்கா திரும்பி வந்து அந்தத் தாளை வாசல் கதவின் பின்பக்கம் ஒட்டினார். எழுத்துக் கூட்டி வாசித்தேன். மேலே வீட்டார் என்று இருந்தது, அங்கே அக்காவின் பெயர். கீழே விருந்தாளிகள் என்று இருந்தது, அங்கே என் பெயர். தங்கும் நாட்கள்: 10.

"இது ஆர் கட்டின வீடு?" என்று கேட்டேன்.

"நீ கட்டினது."

"பேந்தென்ன விருந்தாளி எண்டு எழுதியிருக்கிறியள்?"

"அவங்கள் கேட்ட இடத்திலைதானே எழுதலாம். வேறை எங்கை உன்னை எழுதிறது?"

"மேலை எழுதியிருக்கலாம்."

"மேலை எழுதினால் நீ இஞ்சை இருக்கவேணும் தம்பி."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, மீனைக் கழுவிக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் உச்சியில் அடித்தது. எத்தனை அறை துடைத்து, எத்தனை கழிவறை கழுவிக் கட்டிய வீடு! பத்து நாளுக்கு வந்தவன் மூன்றாம் நாள் காலையில் பெட்டியைத் தூக்கினேன். அக்கா கதவடியில் நின்றார். போய்விட்டு வருகிறேன் என்று, போட்டு வாறன் என்று, நான் சொல்லவில்லை. "போறன்" என்றேன். செத்தவீட்டிலிருந்துதான் எங்கள் ஆட்கள் அப்படி வெளிக்கிடுவது.

டுபாயில் சனத்துக்குள்ளே அக்காவைத் தூரத்திலேயே கண்டேன். சீலைக்கு மேல் ஆம்பிளைச் சுவெட்டர் ஒன்று. ஒரு கையில் பை, மற்றக் கையில் அடையாள அட்டை. அதைப் பார்க்கிற எல்லாருக்கும் காட்டுகிற மாதிரி நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு வந்தார்.

"இஞ்சை ஒருத்தரும் கேக்கமாட்டினம் அக்கா. உள்ளை வையுங்கோ."

"கேட்டால்?"

கட்டிப்பிடிக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. மெலிந்துபோனாய் என்றார், நீங்களுந்தான் என்றேன். பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். லோஞ்சுக் கதவடி மேசையில் ஒரு பிலிப்பைன்ஸ் பிள்ளை இருந்தாள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஏதோ பட்டியலில் தேடி, மலர்ந்து சிரித்தாள். அக்கா பக்கத்தில் நின்று இதையெல்லாம் கவனிக்கிறார் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

"வெல்கம் சேர். அண்ட் திஸ் இஸ் யுவர் கெஸ்ட்?"

கெஸ்ட் எனக்குத் தெரியாத சொல் அல்ல. ஹோட்டல் அறை துடைத்த காலத்திலிருந்து தெரியும். கெஸ்ட் என்றால் காசைக் கொடுத்துப் படுத்துவிட்டு, துவாயை நிலத்தில் எறிந்துவிட்டுப் போகிறவன்.

"நோ கெஸ்ட்" என்றேன். "மை சிஸ்டர்."

"யெஸ் சேர். பட் இஸ் ஷி யுவர் கெஸ்ட்?"

"நோ, நோ. நொட் கெஸ்ட். ஓன் சிஸ்டர். சேம் மதர்."

அவளுடைய சிரிப்புக் கொஞ்சம் சுருங்கியது. "சொரி சேர். ஒன்லி மெம்பர் அண்ட் கெஸ்ட்."

பின்னால் இரண்டு வெள்ளைக்காரர் வந்து நின்றார்கள். என்னுடைய குரல் உயர்ந்துவிட்டது. அட்டையை மேசையில் தட்டித் தட்டி, சிஸ்டர், சிஸ்டர் என்கிறேன். அவள் கெஸ்ட், கெஸ்ட் என்கிறாள். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"என்னடா கேக்கிறாள்?"

"உங்களை விருந்தாளியோ எண்டு கேக்கிறாள்."

"நீ என்ன சொன்னனி?"

"இல்லை எண்டனான். என்ரை அக்கா எண்டனான்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "அட விசரா! ஓம் எண்டு சொல்லு. எனக்குக் கால் உளையுது" என்றார். பிறகு சிரிப்பு அடங்கி, மெதுவாகச் சொன்னார்: "அண்டைக்கு அந்தப் பொலிஸ் கந்தோரிலை நானும் இப்பிடித்தான் நிண்டனான். பின்னாலை சனம். அவன் கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேக்கிறான்."

"யெஸ்" என்றேன் அந்தப் பிள்ளையிடம். "கெஸ்ட்." அவள் ஒரு புத்தகத்தைத் தள்ளினாள். மெம்பர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, கெஸ்ட் என்ற இடத்தில் அக்காவின் பெயரை எழுதினேன். என் எழுத்துக் கோழி கிளறினது போல இருக்கும். அன்றைக்குக் கொஞ்சம் வடிவாக எழுதப் பார்த்தேன்.

உள்ளே அக்கா கதிரையின் நுனியில்தான் இருந்தார். தட்டுத் தட்டாகச் சாப்பாடு இருக்க, பரிமாற ஆள் இல்லாதது அவருக்குப் பிடிக்கவில்லை. "கேக்காமல் எடுக்கிறதோ?" என்று கட்டி வந்த புட்டை அவிழ்த்தார். கண்ணாடிக்கு வெளியே விமானங்கள் வரிசையில் கட்டிக் கிடந்தன. "இந்த லோஞ்ச் எப்ப வெளிக்கிடும்?" என்றார். "இது வெளிக்கிடாது அக்கா." "கயிறு எறிய நல்ல ஆள் இல்லைப்போலை" என்றார்.

அந்தப் பகிடி தந்த துணிவில்தான் கேட்டேன். "அந்தத் தாள் என்னவாச்சு?"

"கதவிலைதான் கிடக்கு."

"என்ரை பேர்?"

"அதுவும் கிடக்கு. வந்த ஆள் போனால் பொலிசிலை போய்ச் சொல்லி வெட்டுவிக்கவேணும். நான் போகேல்லை. பத்து எண்டதுக்குப் பக்கத்திலை ஒரு சைபர் போட்டனான். பேந்து இன்னொண்டு போட்டனான். இனிப் போட இடமில்லை."

"செக்கிங்குக்கு வாறவங்கள் கேக்கேல்லையோ?"

"கேப்பாங்கள். ஆக்கள் மாறி மாறித்தானே வாறவங்கள். உன்ரை பேரிலை விரலை வைச்சு, 'கோ மெயா?' எண்டுவாங்கள். 'லோஞ்ச் வெடட்ட கியா, ஹவஸ எனவா' எண்டு சொல்லுவன்."

அக்காவுக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான். இவர் எங்கே என்று அவர்கள் கேட்க, லோஞ்சுக்கு வேலைக்குப் போய்விட்டான், பின்னேரம் வருவான் என்று அக்கா சொல்லியிருக்கிறார். ஐந்து வருஷமாக.

"உங்களுக்கென்ன விசரே? பேர் இருக்கு, ஆளைக் காணேல்லை எண்டால் வேறை இடத்துக்கு, இயக்கத்துக்குப் போயிட்டான் எண்டெல்லோ நினைப்பாங்கள்!"

"நினைச்சவங்கள்தான். ஒருக்காக் கூட்டிக்கொண்டு போய், பின்னேரம் வரைக்கும் ஒரு மர வாங்கிலை இருத்தி வைச்சவங்கள். அப்பவும் அதைத்தான் சொன்னனான்."

"ஏன் அக்கா?"

புட்டுச் சுற்றி வந்த கடதாசியை அவர் நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். "நீ போறன் எண்டிட்டுப் போனனி. நானும் அங்கை போய், போயிட்டான் எண்டு சொன்னால், அது அப்பிடியே சரியா வந்திடும் எண்டு பயமாக் கிடந்தது."

எழுந்துபோய் ஒரு தோடம்பழம் எடுத்துவந்து, உரித்து, விதை எடுத்து, சுளை சுளையாக அவர் கையில் கொடுத்தேன். அவர் வாங்கி வாங்கிச் சாப்பிட்டார். மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் முன்பும் புழங்கியதில்லை.

"இப்ப வீட்டிலை ஆர்?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"ஒருத்தருமில்லை. பூட்டிப்போட்டு வந்தனான். தாளைக் கழட்டேல்லை. நீயும் நானும் அதிலை இருக்கிறம்."

லண்டன் விமானத்தைக் கூப்பிட்டார்கள். வாயில்வரை கூட்டிக்கொண்டு போனேன். அடையாள அட்டை மறுபடியும் அவர் கைக்கு வந்துவிட்டது. "போட்டு வாறன் தம்பி" என்றார். "போட்டு வாங்கோ" என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் பார்ப்பது போல. அவ்வளவுதான்.

என்னுடைய விமானத்துக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. தனியே திரும்பி வந்தேன். மேசையில் இருந்த பிள்ளை புத்தகத்தைத் திறந்து, அக்காவின் பெயருக்கு நேரே பேனையை வைத்தாள்.

"யுவர் கெஸ்ட் ஹாஸ் லெஃப்ட், சேர்?"

"நோ" என்றேன், அவள் பேனைக்குக் குறுக்கே கையை வைத்து. "நொட் லெஃப்ட். லோஞ்ச் வேர்க் கோயிங். ஈவினிங் கம்மிங்."

அவள் என்னைப் பார்த்தாள், பின்னால் இருந்த கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். "பட் திஸ் இஸ் த லவுஞ்ச், சேர்" என்றாள், பாவம்.

"ஓம் பிள்ளை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு உள்ளே போனேன். அக்கா இருந்த கதிரைக்கு முன்னால் தோடம்பழத் தோல் அப்படியே கிடந்தது. எடுத்துத் துடைக்க வந்த பெடியனிடம் ஆள் இருக்கு என்று கையால் காட்டிவிட்டு, பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.