கடல் தாண்டப் புறப்பட்ட ஜீப்

திராட்சை வெட்டு நேரத்தில் ஒரு நாள், என் அக்கா வீட்டுக்காரர், எவனோ ஒருவனை அடிக்க ஜீப் எடுத்தார்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் கம்பம் ஊரில் எந்தப் பிரச்சினைக்கும் முதல் மருந்து ஜீப்தான். வாய்க்கால் தகராறா? ஜீப். சம்பந்தி முறைத்துக்கொண்டாரா? ஜீப். சொந்தக்காரர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு போய் இறங்கினால், எதிராளி பாதிப் பேச்சிலேயே வழிக்கு வந்துவிடுவார்.

அன்றும் ஆட்கள் ஏறியாகிவிட்டது. இடமில்லாமல் ஒரு சித்தப்பா பின்னால் தொங்கிக்கொண்டிருந்தார்.

“எந்த ஊருக்கு மச்சான்?” என்றேன்.

“அதைச் சொல்லத்தான மாப்ள உன்னைய வரச் சொன்னேன். நீதான கம்ப்யூட்டர் தெரிஞ்சவன். அவன் எந்த ஊர்க்காரன்னு பாத்துச் சொல்லு.”

விஷயம் இதுதான். அக்கா மகள் எட்டாம் வகுப்பு. பெயர் வேண்டாம்... இந்தப் பத்திரிகைப் பத்தியை அவளும் படிப்பாள். பிரவுசிங் சென்டருக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட் தேடப் போனவளுக்கு, சாட்டில் ஒரு வெளிநாட்டுத் தோழி கிடைத்தாள். இவள் வயசுதானாம். பூனை வளர்க்கிறாளாம். நம்பி, திருவிழாவில் எடுத்த போட்டோ ஒன்றை இவள் அனுப்பினாள். உடனே தோழியின் பேச்சு மாறியது. அடுத்து எந்த மாதிரிப் படம் வேண்டும் என்று அந்த ஜென்மம் கேட்டதை இங்கே எழுத மாட்டேன். அனுப்பாவிட்டால், இருக்கிற படத்தை அசிங்கமாக மாற்றி எல்லோருக்கும் அனுப்புவேன் என்று மிரட்டல் வேறு. சரியாகச் சாப்பிடாமல் கிடந்த பிள்ளை, ஒரு நாள் தாங்க முடியாமல் அம்மாவிடம் சொல்லி அழுதுவிட்டாள்.

“அவன் ஏதோ வெளிநாட்டுல இருக்கான் மச்சான். எந்த நாடுன்னே தெரியாது” என்றேன்.

ஜீப் அணைந்தது. சித்தப்பா மட்டும், “கேரளா வழியாப் போனா வராதா?” என்று கேட்டுப் பார்த்தார்.

ஸ்டேஷனுக்குப் போனோம். “சம்பவம் எந்த லிமிட்ல நடந்துச்சு?” என்றார் அங்கிருந்தவர். பிள்ளை இருந்தது கம்பத்தில். அவன் இருப்பது எங்கேயோ. கேரள எல்லையோரத்து லோயர் கேம்ப்புக்கு அந்தப் பக்கம் என்றாலே கையை விரிக்கிறவரிடம், கடலுக்கு அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசி என்ன பிரயோஜனம்? அயோக்கியனுக்கு பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். போலீசுக்கு மட்டும் லிமிட்!

நல்லவேளை, சென்னையில் சைபர் கிரைம் பார்க்கும் ஒரு பெண் இன்ஸ்பெக்டரைத் தெரியும். “சாட் எதையும் அழிச்சிடாதீங்க. அப்படியே அனுப்புங்க” என்றார். அது டெல்லி போய், கடல் தாண்டி, இன்னொரு நாட்டு போலீசின் மேஜைக்குப் போனது. மாநாடுகளில் முந்திரி பிஸ்கட்டைக் கடித்தபடி ‘சர்வதேசக் கூட்டாண்மை’ என்று பேசுகிறார்களே — அது இதுதான். இனி அதைக் கிண்டலடிக்க மாட்டேன். பிஸ்கட்டை மட்டும்தான்.

இதற்கிடையில் மச்சான் தன் லிமிட்டுக்குள் ஒரு தண்டனை கொடுத்துவிட்டார் — மகளுக்கு. ஸ்கூல் கட்.

“ஊரு வாய்க்கு யாரு பதில் சொல்றது? வீட்லயே கெடக்கட்டும்” என்றார்.

“நான் என்ன மாமா தப்புப் பண்ணேன்?” என்று அவள் என்னிடம் கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மச்சானிடம் கத்தித் தீர்த்தேன்.

“பத்திரிகைல எழுதுறதையெல்லாம் வீட்ல வந்து பேசாத மாப்ள” என்றார். தாய்மாமனின் மரியாதை அவ்வளவுதான்.

போன வாரம் இன்ஸ்பெக்டர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டோம். ஆள் பிடிபட்டுவிட்டான்! பல நாட்டுப் பிள்ளைகளிடம் இதே வேலையாம். நம் பிள்ளை அழிக்காமல் கொடுத்த சாட்டும் அவனைப் பிடிக்க உதவியதாம். மச்சான் மீசையைத் தடவிக்கொண்டார்.

“அங்க கேஸ் பார்க்கிற ஆபீசரம்மா ஒண்ணே ஒண்ணு கேட்கச் சொன்னாங்க சார். குழந்தை ஒழுங்கா ஸ்கூலுக்குப் போறாளா?”

மச்சான் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

“சொல்லுங்களேன். வெளிநாட்டுலருந்து கேக்குறாக” என்றாள் அக்கா.

“நாளைக்குப் போவா மேடம்” என்றார் மச்சான். மீசையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

மறுநாள் காலை ஜீப் கிளம்பியது. அதே ஆட்கள், பின்னால் தொங்கியபடி அதே சித்தப்பா. நடுவில் யூனிஃபார்மில் அவள்.

“எங்கன மச்சான்?”

“ஸ்கூலுக்கு. எம்புள்ளைய எவனாச்சும் ஒரு வார்த்தை கேக்கட்டும், பாப்போம்.”

கம்பத்து ஜீப்புக்கு வழி சொல்ல, கடல் தாண்டி ஒரு போலீஸ் அம்மா வர வேண்டியிருக்கிறது!