சம்மனசு ஈட்டியை எறிந்த சாயங்காலம்

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் வருஷாவருஷம் ஒரே நாடகம்தான். தேவதூதர்களை எங்கள் கடற்கரையில் சம்மனசு என்போம். சம்மனசுகளின் தலைவரான மிக்கேல், கடவுளை எதிர்த்த சாத்தானை ஈட்டியால் குத்திப் பாதாளத்தில் தள்ளுவார். மிக்கேல் என் அப்பா. சாத்தான் என் தாய்மாமா, அம்மாவின் தம்பி. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஏகப் பெருமை. பாதிப் பெருமை சாத்தானால் வந்தது.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், இருவருக்கும் பொதுவாக இருந்த மீன்பிடி வள்ளத்தை மாமா அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டார். அப்பா அடுத்தவர் படகில் கூலிக்குக் கடலுக்குப் போனார். மாமா பெயரை எடுத்தாலே சோற்றைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவார். வேஷத்தை மட்டும் இருவரும் விடவில்லை. அது சாமிக்கு நேர்ந்துகொண்ட நேர்ச்சை.

அந்த வருஷமும் துறைமுக விளக்குகள் எரியத் தொடங்கிய நேரத்தில் நாடகம் ஆரம்பமானது. அட்டை ஈட்டி மழையில் நைந்துவிட்டது என்று சொல்லி, அப்பா மீன் குத்தும் இரும்பு ஈட்டியைக் கொண்டுவந்திருந்தார். தெர்மாகோல் சிறகுகளோடு அவர் மேடையேறியதும் எல்லாரும் செல்போனைத் தூக்கினார்கள். கரி பூசிய மாமா உறுமிக்கொண்டே மல்லாந்து விழுந்தார். அப்பா அவர் நெஞ்சில் காலை ஊன்றி, ஈட்டி முனையைத் தொண்டைக்குழியில் வைத்தார்.

அதற்கப்புறம் அப்பாவின் வசனம் வரவில்லை. அப்படியொரு முகத்தை நான் வீட்டில் பார்த்ததே இல்லை. மாமா உறுமலை நிறுத்தினார்.

"அத்தான்," என்றார் மெதுவாக. மைக் அதை ஊருக்கே சொன்னது. "நெசமாவேவா?"

அப்பா கண்களை மூடிக்கொண்டார். உதடு எதையோ முணுமுணுத்தது. பிறகு ஈட்டியை மேடைக்குப் பின்னால் மணலில் வீசிவிட்டு, மாமாவின் பக்கத்தில் மடங்கி உட்கார்ந்தார். ஒரு சிறகு ஒடிந்து தொங்கியது. மாமா எழுந்து அவரைக் கட்டிக்கொண்டதில் வெள்ளை அங்கியெல்லாம் கரி. ஒருவரும் விசிலடிக்கவில்லை. பூசையில் மணியடித்ததுபோல் கூட்டம் அடங்கிப்போய், ஒவ்வொருவராகச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது, ஏனென்று தெரியாமலே. கூடவே அழுகையும் வந்தது.

"யம்மா, சாத்தான் செயிச்சிட்டானா?"

அம்மா மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இல்லளா, தோத்துட்டான்," என்றாள்.

சாத்தான்தான் ஒரு கீறலும் இல்லாமல் அங்கே உட்கார்ந்திருக்கிறாரே, அம்மா யாரைச் சொல்கிறாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.