கொடுத்ததும் வைத்துக்கொண்டதும்

“இன்னா பாட்டி, அவரு அவள வச்சிகினு இருந்தாருன்னு தெருவே பேசுது. நீ மட்டும் இல்லேன்றியே?” என்றாள் கீழ்வீட்டு ஜெயபாரதி.

பேசட்டும். அபிராமபுரத்துப் பேராசிரியர் சுந்தரராமன் வீட்டில் ஆறு வருஷம் அடுப்பைப் பார்த்தவள் நான். சனிக்கிழமை மத்தியானம் அவரிடம் ஆராய்ச்சி செய்கிற மதுமதி வருவாள். கூடத்துக் கதவு திறந்தே கிடக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள், நடுவில் புத்தகம். நான் வைக்கிற காபி ஆறி ஆடை கட்டிப் போகும். வைத்திருந்த லட்சணம் அது!

மதுமதி புருஷனை விட்டு வந்தவள். தி. நகரில் அவள் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. “உன்னை எங்க குடுத்திருந்தாங்க?” என்று யாராவது கேட்டால், “நான் என்ன சொம்பா?” என்பாள். அந்த வாய்தான் தெருவுக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு எழுத்து தெரியாது. அவள் சொன்னதைச் சொல்கிறேன்.

“இத்தாலியில ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி லத்தீன் பேசினாங்க பாட்டி. அதுல ‘குடு’வும் ‘வை’யும் வேற சொல்லோட ஒட்டினா ஒரே சத்தமாயிடும். லத்தீன்ல ‘தொலைச்சேன்’ங்கற சொல்லுக்குள்ள இருக்கறது குடுவா, வையா? அதுதான் என் கேள்வி.”

“யாரைக் கேப்பே?”

“பக்கத்து ஜனங்களை. அவங்க பாஷை ஆஸ்கன். அதுல ‘வை’க்கு ஃப வரும், ‘குடு’க்கு வராது. கல்லுல வெட்டி வச்சிருக்காங்க.”

“அக்கம்பக்கத்து வாயை நம்பலாங்கறியா?”

“செத்துப்போன அக்கம்பக்கத்தை நம்பலாம் பாட்டி.”

ஆறு வருஷமும் அந்த ஒரு சொல்தான். சீட்டு சீட்டாக எழுதிச் செருப்பு டப்பாக்களில் அடுக்கினாள். ‘வை’தான் என்று முடிவு கட்டிய அன்று எனக்குத் தேங்காய் பர்ஃபி வாங்கி வந்தாள். அச்சில் வந்தால் வெளிநாட்டில் வேலை கிடைக்கும், இந்தத் தெருவைத் தலைமுழுகலாம் என்றாள். அச்சுக்கு அனுப்பி வைக்கச் சொல்லி, எழுதியதை அவரிடம் கொடுத்தாள்.

போன ஆவணியில் அது அச்சான புத்தகம் தபாலில் வந்தது. புரட்டினாள். மறுபடியும் புரட்டினாள். மேலே பெரிதாக இருந்தது அவர் பெயர் மட்டும் என்றாள். கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்வது போல ஒரு வரி. அதில் விரலை வைத்து என்னிடம் காட்டினாள்.

“இதுதான் பாட்டி நான். நன்றி சொல்லியிருக்கார்.”

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“ரெண்டு பேர் பேரையும் சேர்த்துப் போட்டா தெரு இன்னும் பேசும்மா. உன் நல்லதுக்குத்தான்.”

“குடுத்தேன்னு நெனச்சேன் சார். நீங்க வச்சுக்கிட்டீங்க.”

டப்பாக்களைக்கூட எடுக்கவில்லை. செருப்பை மாட்டினாள்.

“பேச்சியம்மா, அவளைக் கூப்பிடு” என்றார் அவர்.

நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கினேன். கூப்பிடவில்லை. அவள் வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கிப் போனாள்.