ஒருத்தரே படம்

படம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. டிபன் பாக்ஸில் சாய்த்து வைத்த செல்போனைப் பார்த்தபடியே மலர்கொடி தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்: "இவ அவன் பொண்டாட்டி இல்லடி."

திரையில், விபத்தில் பழைய நினைவை இழந்த ஒருவன் மருத்துவமனைக் கட்டிலில் கண் விழிக்கிறான். அவனுடைய மனைவி என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி பக்கத்தில் அழுகிறாள்.

"எப்டிடி சொல்ற?" என்கிறார் வீராயி. இருவரும் நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் தெருக்களைப் பெருக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளிகள். பதினொரு மணிக்குத் தூங்குமூஞ்சி மரத்தடியில் சோறும் படமும்.

"பொண்டாட்டின்னா வந்தவொடனே ஆஸ்பத்திரி சாப்பாட்டத் தொறந்து மோந்து பாப்பா. இவ சும்மா அழுதுகினே கீறா, பாரு."

பெரும்பாலும் அவர் சொன்னதுதான் கடைசியில் நடக்கும். அடிபட்டு மறந்தவன், மறந்ததுபோல் நடிப்பவன், தானே கொன்றுவிட்டுக் கொலைகாரனைத் தேடி அலைபவன் எல்லாரும் அவருக்குப் பழக்கம். பாட்டு வந்தால் தள்ளிவிடுவார். இரண்டு பேராகத் தெரிந்தவர்கள் முடிவில் ஒரே ஆளாகிற கதை என்றால் சோறு ஆறிப்போகும். அந்த வகைக்கு அவர் வைத்த பெயர் 'ஒருத்தரே படம்'. அந்தச் சொல் தாலுகா ஆபீஸில் கிடைத்தது.

கம்மாபுரம் பக்கம் அவர் பெயருக்கு அப்பா எழுதிவைத்த ஒன்றரை ஏக்கர் சுரங்கத்துக்குப் போய்விட்டது. பட்டாவில் இருக்கும் பெயர் விருத்தாம்பாள். விருத்தாசலம் கோயிலில் வைத்து அப்பா சூட்டியது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார், "என்னய்யா இது, கெழவி பேரு!" என்று மலர்கொடியாக்கிவிட்டார். ரேஷன் கார்டு, ஆதார், கேட் பாஸ் எல்லாம் வாத்தியார் வைத்த பெயரில். நிலம் கொடுத்த குடும்பம் என்று மகள் அருள்மொழிக்கு வேலை கேட்டுப் போட்ட மனு இந்தப் பெயர்ச் சிக்கலில்தான் நிற்கிறது. 'இருவரும் ஒருவரே' என்ற சான்று வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் தள்ளுபடி.

"ஒரு நாளு விருத்தாம்பாளா மாறி யாரையாச்சும் கொன்னுடாதடி" என்பார் வீராயி.

"மொதல்ல உன்னத்தான்."

வியாழக்கிழமை தாலுகா ஆபீஸில் கிளார்க் கோபாலகிருஷ்ணன் உறுதிமொழித் தாளை நீட்டினார். "ரெண்டு பேரும் நீங்கதானே?"

"நான் ஒருத்திதாங்க. நீங்கதான் ரெண்டாக்கிப் பாத்துகினு இருக்கீங்க."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கட்டங்களைக் காட்டினார். "ரெண்டு பேர்லயும் கையெழுத்துப் போடுங்கம்மா. அடிச்சுத் திருத்தினா செல்லாது."

மலர்கொடி என்று ஒரே இழுப்பில் போட்டாயிற்று. அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. அந்தப் பெயர் சொல்லி அப்பா கூப்பிட்டிருக்கிறார், பட்டாவில் இவரே படித்திருக்கிறார், தன் கையால் ஒரு தரம்கூட எழுதியதில்லை.

"என்னக்கா, பேரு மறந்துபூட்ச்சா?" வரிசையில் பின்னால் நின்றவர் கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள்.

மலர்கொடி இடது உள்ளங்கையை விரித்து, எழுத்து எழுத்தாக அதில் எழுதிப் பார்த்தார். ஒரு துணைக்கால் விடுபட்டிருந்தது, சேர்த்தார். பிறகு அந்தக் கையைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து எழுதினார்.