குச்சிக்கிழங்குப் பச்சடி

கள்ளக்குறிச்சியில் கேட்டரிங் படித்த இரண்டாம் வருடக் கடைசியில் எங்களுக்கு ஒரு செய்முறைத் தேர்வு வைத்தார்கள். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு மெனு எழுத வேண்டும். ஒரே ஒரு பொருள்தான் முதல் பதார்த்தத்திலிருந்து கடைசி இனிப்பு வரைக்கும் வரவேண்டும். அதைப் பத்து விருந்தாளிகளுக்குச் சமைத்துப் பரிமாற வேண்டும். மதிப்பெண் போட வெளியூரிலிருந்து ஒருவர் வருவார்.

எனக்குக் கூட்டாளியாக வந்தவள் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர்க்காரி. அவர்கள் காட்டில் குச்சிக்கிழங்கு போட்டிருந்தார்கள். மரவள்ளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதையே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். மிளகு போட்ட கிழங்கு சூப், மிளகாய் தடவிய வறுவல், ஆட்டுக்கறிக் குழம்போடு கிழங்கு மசியல், முடிவில் ஜவ்வரிசிப் பாயசம். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இருந்தது. வருகிறவர் இதையெல்லாம் நூறு முறை தின்றிருப்பார்.

சூப்புக்கும் வறுவலுக்கும் நடுவில் பச்சைக் கிழங்கில் ஒரு பச்சடி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கிழங்கை வேக வைக்காமல் நூல் மாதிரி சீவி, மாங்காய், தேங்காய், பச்சை மிளகாய் சேர்த்து எலுமிச்சை பிழிந்து, அதன் தோலையும் கொஞ்சம் சீவிப் போட்டு, ஜில்லென்று கொடுப்பது. யாரும் செய்யாத ஒன்று. யாரும் செய்யாததற்கு ஒரு காரணம் இருக்கலாம் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.

அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

"பச்சையாவா? எங்க வூட்டுல யாரும் பச்சையா துன்ன மாட்டாங்க. ஆடு துன்னாவே வெரட்டுவாங்க."

"ஒரு தபா செஞ்சு பாப்பம், புள்ள. நல்லா இல்லன்னா வுட்டுடலாம்."

மலையிலிருந்து அவள் கொண்டு வந்த கிழங்கில் செய்து பார்த்தோம். ஆளுக்கு ஒரு வாய்தான். இளநீர் வழுக்கை மாதிரி இனித்தது. நாக்கு மட்டும் லேசாக அரித்தது. ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு அவள் மறுத்துப் பேசவில்லை. மெனு அட்டையில் அந்தப் பெயரை நானே அழகாக எழுதினேன்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் அவள் ஊருக்குப் போய் ஒரு மூட்டைக் கிழங்கோடு வந்தாள். தேர்வன்று காலை அதை வெட்டிப் பார்த்தபோது உள்ளே நீல நீலமாகக் கோடு ஓடியிருந்தது. குச்சிக்கிழங்கு பிடுங்கிய இரண்டாம் நாளே அப்படி ஆகிவிடும். வேக வைப்பதற்குத் தேறியது. வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டிய பச்சடிக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.

"பச்சடிய எடுத்துடலாம்" என்றாள். "அட்டையில அடிச்சுட்டா போவுது."

நான் கேட்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு சின்னசேலம் சாலைக்குப் போனேன். ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லுக்குக் கிழங்கு ஏற்றிக்கொண்டு போன டிராக்டர் ஒன்று டீக்கடையில் நின்றிருந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவரிடம் நாலு கிழங்கு கேட்டேன்.

"எதுக்கும்மா? இது மில்லுக்குப் போற கசப்புக் கெழங்கும்மா, துன்றது இல்ல" என்றார்.

"காலேஜுல பாடத்துக்குங்க."

நான் சொன்னது பொய் இல்லை என்று வரும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிழங்கு தடியாக, பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. எங்கே வாங்கினாய் என்று அவள் கேட்டாள். உழவர் சந்தையில் என்றேன்.

தோலை உரித்து, சமையலறைக்குப் பின்னால் இருந்த குப்பைக் கூடையில் போட்டேன். சீவிக் கலந்ததும் உப்புப் பார்க்க அவளிடம் கொடுத்தேன்.

அவள் மென்றபடி முகம் சுளித்தாள். "கசக்குதே."

"எலுமிச்சந்தோல் சீவல் ஜாஸ்தியாயிடுச்சு" என்றேன். "நீ பாத்து சரி பண்ணு. எனக்குக் குழம்பு வேல இருக்குது."

இந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. அது தானாக வாயில் வந்தது. அந்தக் கசப்பு எலுமிச்சையால் வந்தது இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு தெரியும் என்று இன்றைக்குக் கேட்டால் சொல்ல முடியாது. ஆனால் அந்த வெள்ளைத் தட்டில் நான் கை வைக்கவில்லை. ஒரு வாய்கூட எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. அவள் தேங்காய் சேர்த்துத் தின்று பார்த்தாள். வெல்லம் தூவித் தின்று பார்த்தாள். கசப்பை அடக்க நாலைந்து முறையாவது அள்ளிப் போட்டுக்கொண்டிருப்பாள்.

பதினொன்றரை மணிக்கு விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தார்கள். வெளியூர்க்காரர் மெனு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சடியின் பெயர் மேல் விரல் வைத்துப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்கு மனசு குளிர்ந்தது. சூப் போயிற்று. காலிக் கிண்ணங்கள் திரும்பி வந்தன.

அப்போதுதான் பின்பக்கம் வாட்ச்மேன் மனைவியின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கூடை கவிழ்ந்து கிடந்தது. அவருடைய ஆடு பக்கத்தில் சாய்ந்து, காலை உதைத்துக்கொண்டு இருந்தது. வாயில் நுரை. வயிறு மேலும் கீழும் வேகமாகத் துடித்தது.

"இன்னாத்தப் போட்டீங்க இதுல? இன்னாத்தடி போட்டீங்க?"

நான் உள்ளே திரும்பினேன். மேடையில் பச்சடித் தட்டுகள் இல்லை. பரிமாறும் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். என் கூட்டாளி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"தல சுத்திக்கினே கீதுடி. அடுப்புச் சூடு போல."

சாப்பாட்டு அறைக்கு ஓடினேன். பத்துத் தட்டும் மேசையில் இருந்தன. வெளியூர்க்காரர் முள்கரண்டியால் ஒரு சுருளை எடுத்துத் தூக்கி, அது எவ்வளவு மெல்லிசு என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடாதீங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். "யாரும் சாப்பிடாதீங்க. அது மில்லுக் கிழங்கு."

கரண்டிகள் அப்படியே நின்றன. ஓரத்தில் இருந்த ஓர் அம்மா வாயிலிருந்ததைக் கைக்குட்டையில் துப்பினார். எங்கள் ஆசிரியர் எழுந்து நின்று என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அதற்குள் சமையலறையில் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. அவள் தரையில் கிடந்தாள்.

ஆட்டோவில் அவள் தலை என் மடியில் இருந்தது. மூச்சு வாங்கி வாங்கி வாந்தி எடுத்தாள். நான் அழுதபடி ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தேன். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது இரண்டே கேள்விதான். "எந்தக் கிழங்கு? எவ்வளவு தின்னாங்க?" எல்லாவற்றையும் சொன்னேன். டிராக்டரை, சந்தை என்று சொன்ன பொய்யை, எலுமிச்சைத் தோலை. மில்லுக் கிழங்கு பச்சையில் விஷம் என்றார். அவள் கண்ணை மூடியிருந்தாள். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

மறுநாள் மதியம் மலையிலிருந்து அவளுடைய அண்ணன் வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று தங்கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"கசக்குதுன்னு சொன்னாளாமே?"

"சொன்னாளுங்க."

"அப்பக்கூட நீ சொல்லல."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்போதுதான் தெரிந்தது, ஆட்டோவிலும் டாக்டரிடமும் நான் சொன்னதையெல்லாம் அவள் கேட்டிருக்கிறாள் என்று.

மூன்றாம் நாள் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆடு பிழைக்கவில்லை. விருந்தாளிகளில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அவளுக்கு மறுதேர்வு கொடுத்தார்கள், அவள் வரவில்லை. என்னை ஒரு வருடம் நிறுத்தினார்கள். அடுத்த வருடம் வேறொருவரோடு சேர்ந்து கத்தரிக்காயில் மெனு எழுதித் தேறினேன். அதில் புதிதாக ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

ரொம்ப வருடம் கழித்து சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். பள்ளிக்கூட விடுதி ஒன்றில் சமைக்கிறாளாம்.

"நீ இன்னா செய்யற?" என்றாள்.

"ஓட்டல்ல. மெனு போடறது எல்லாம் நான்தான்."

தலையாட்டினாள். மலைக்குப் போகும் பஸ் வந்தது.

"மன்னிச்சிடுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றேன்.

"சொன்னியே, ஆட்டோவுல. அழுதுக்கினே சொன்ன" என்றாள். "நான்தான் ஒண்ணும் சொல்லல. இப்பவும் சொல்ல வரல எனக்கு."

பையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை.